நிற்கும் இடம்

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு இப்போதெல்லாம் இரண்டு கூட்டம் வருகிறது. முதல் கூட்டம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள். விரதமிருந்து, காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் ராஜாவாகவும் வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, அதைக் கோயிலில் சேர்க்க வருபவர்கள். இரண்டாவது கூட்டம் கழுத்தில் கேமரா மாட்டியவர்கள். காளி வேடக்காரர் ஒருவர் மணலில் நின்று நாக்கைத் துருத்தினால் போதும், பத்துப் பதினைந்து லென்ஸ்கள் அவரைச் சுற்றி அரைவட்டம் கட்டிவிடும். "அண்ணே, இந்தப் பக்கம்", "அண்ணே, இன்னொரு வாட்டி" என்று குரல்கள். கோயிலுக்குப் போக வேண்டுமே என்று அவர் நகரப் பார்ப்பார், விடமாட்டார்கள். மறுநாள் காலை அத்தனை பேரும் போடும் படம் ஒன்றுதான். மை பூசிய முகம், சிவந்த நாக்கு, உருட்டிய கண், பின்னால் மங்கிய இருட்டு. ஓரத்தில் போட்ட பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

இதே இளைஞர்கள்தான் பயிற்சி வகுப்புகளில் எழுந்து நின்று, "எனக்கென்று ஒரு பாணி எப்போது சார் வரும்?" என்று கேட்கிறார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வந்துவிட்டால், ஆள் பொழுதுபோக்கைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அழகான படம் எடுக்கத் தெரிந்துவிட்டது, ஆனால் அந்தப் படத்தில் தான் இல்லை என்பது உறைத்துவிட்டது. அது உறைக்காமலே ஆயுசு முழுக்கப் படமெடுப்பவர்கள் உண்டு. கேள்வி சரியானதுதான். விடை தேடிப் போகும் இடத்தில்தான் கோளாறு.

பெரும்பாலும் தேடுவது கடையில். ஒரே தொடுதலில் படத்தின் நிறத்தை மாற்றிவிடும் ப்ரீசெட்டுகள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு இருக்கின்றன. நிழலெல்லாம் நீலப்பச்சை, தோலெல்லாம் ஆரஞ்சு. சில வருஷம் எல்லாக் கல்யாண ஆல்பமும் அந்த நிறத்தில் வந்தது. அப்புறம் பழுப்பேறிய நிறம் வந்தது. இப்போது பழைய ஃபிலிமைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிவது. பத்து வருஷம் கழித்து அந்த ஆல்பங்களைப் புரட்டினால் எந்த வருஷத்துக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம். யார் எடுத்தது என்று சொல்ல முடியாது. நிறத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. எடுத்து முடித்த பிறகு மேலே பூசுவது எடுத்தவரைக் காட்டாது, அவ்வளவுதான். படம் எடுக்கிற அந்தக் கணத்தில் ஆள் எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதிலிருந்து வருவதே பாணி. அதனால் இதை ஒரு தொழில்நுட்பச் சங்கதியாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. எப்படி வாழ்கிறோம் என்ற பெரிய கேள்வியின் ஒரு சின்னக் கிளையாகவே பார்க்கிறேன்.

யோசெஃப் சூதெக் என்ற செக் நாட்டுக்காரரின் வாழ்க்கையை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1896இல் பிறந்தவர்; புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் குண்டடிபட்டு வலது கையைத் தோளோடு இழந்தார். பைண்டிங்குக்கு இரண்டு கை வேண்டும். அந்தத் தொழில் போயிற்று. ஊனமுற்ற படைவீரர்களுக்கான விடுதியில் இருந்தபோது சக வீரர்களைப் படமெடுத்தார். பிறகு பிராகில் புகைப்படக்கலை படித்தார். அந்தக் காலத்துக் கேமராவுக்கும் இரண்டு கை வேண்டும் என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். முக்காலி, மரப்பெட்டிக் கேமரா, கண்ணாடித் தகடுகள், தலைமேல் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி. எல்லாவற்றையும் ஒற்றைத் தோளில் சுமந்து, ஒற்றைக் கையால் இயக்கி, கை போதாதபோது பல்லால் பற்றி வேலை செய்தார்.

1926இல் செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நண்பர்களுடன் இத்தாலிக்குப் போனார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. ஒரு கச்சேரி பாதியில் இருக்கும்போது எழுந்து வெளியே போய்விட்டார். இருட்டில் நடந்து நடந்து, தன் கை போன இடத்தைத் தேடினார். விடியும்போது அந்த வயலையும், அடிபட்டவுடன் தன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்திய குடியானவர் வீட்டையும் கண்டுபிடித்தார். வீடு இருந்தது; கை இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் பிராகுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் வெளிநாடு எங்கும் போகவில்லை. தேடி அலைந்தது போதும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போலும். அன்றிலிருந்து 1976இல் சாகும்வரை, அவர் எடுத்ததில் பெரும்பகுதி பிராகும் அதைச் சுற்றியுள்ள காடு மலையும்தான்.

பிராகில் ஒரு தோட்டத்துக்குள் இருந்த சின்ன மரக்கொட்டகைதான் அவருடைய ஸ்டூடியோ. அதற்கு ஒரு ஜன்னல். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தெருவில் கேமராவோடு திரிவது ஆபத்தாகிவிட, 1940 வாக்கில் அந்த ஜன்னலைப் படமெடுக்க ஆரம்பித்தார். பதினான்கு வருஷம் எடுத்தார். ஒரே ஜன்னல்தான். கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்த நாள், பனி பூப்பூவாக உறைந்த நாள், மழைநீர் கோடுகோடாக இறங்கிய நாள். அந்த நீருக்கு அப்பால் தோட்டத்தில் வளைந்து நெளிந்த ஒரு மரம், கலங்கலாக. ஜன்னல் திட்டில் சில நாள் ஒரு தண்ணீர்த் தம்ளர், சில நாள் தட்டில் ஒரு முட்டை, சில நாள் ரொட்டித் துண்டு. அந்தத் தம்ளர் படங்களில் ஒன்றைச் சற்று நேரம் பாருங்கள். கண்ணாடியின் பட்டைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒவ்வோர் அளவில் நிற்கும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாம்பல், கீழே இன்னொரு சாம்பல். படம் மொத்தத்தில் இருட்டாக இருக்கும், அவசரக்காரர் "எக்ஸ்போஷர் குறைவு" என்று தள்ளிவிடும் அளவுக்கு. கண் பழகப் பழக அந்த இருட்டுக்குள்ளிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அதே 1940இல் இன்னொன்றும் நடந்தது. பழைய கான்டாக்ட் பிரிண்ட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்து, பெரிதாக்காமல், அதே அளவில் எடுக்கும் பிரதி. அதில் இருந்த நுட்பத்தைப் பார்த்தபின், படத்தைப் பெரிதாக்குவதையே விட்டுவிட்டார். அதாவது, ஒரு வசதியைத் தானாகக் கைவிட்டார். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமராவைத்தான் சுமக்க வேண்டும் என்ற நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார். அதுவும் ஒற்றைக் கையோடு. 1899ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு பழைய பனோரமா கேமராவைத் தூக்கிக்கொண்டு பிராகை நீள நீளமான படங்களாக எடுத்தார். 1959இல் அது 284 படங்களோடு புத்தகமாக வந்தது.

சூதெக்குக்கு ஒரு பாணி இருக்கிறது என்பதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் அவர் அதை எங்கே 'கண்டுபிடித்தார்' என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஓர் இடமும் கிடைக்காது. கை போனது அவர் தேர்ந்தெடுத்ததில்லை. ஆக்கிரமிப்பும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு இருந்த இடத்தில் நின்றார். நின்றதில் ஒரு விசுவாசம் இருந்தது. வேறு ஊர், வேறு ஜன்னல், வேறு கேமரா என்று அவர் ஓடவில்லை. இன்று கேமரா வாங்கி ஆறு மாதத்தில் "என் ஊரில் எடுக்க ஒன்றுமில்லை, லடாக் போகணும்" என்கிற தம்பிமார்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். லடாக் போகட்டும், தடையில்லை. ஆனால் தன் வீட்டுப் பின்கட்டில் எதையும் காணாத கண் அங்கே போய்க் காண்பது, ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்து நமக்குக் காட்டிவிட்ட லடாக்கைத்தான்.

சரி, ஒரே இடத்தில் நின்றால் போதுமா என்றால் போதாது. பயந்து ஒதுங்கி நிற்பதும் நிற்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மதுரையில் வங்கி வேலை பார்க்கிறவர். புதுமண்டபத்திலிருந்து கடைகள் மாற்றப்படுவதற்கு முன், அங்கே தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையற்காரர்களை விடுமுறை நாள்களில் படமெடுத்துவந்தார். கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தவரை அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஒருநாள் ஒரு கட்டுப் படங்களைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பினார். நானும் பார்த்தேன். படத்துக்குப் படம் மெஷின் சக்கரம், கத்தரிக்கோல், சாக்கட்டிக் கோடு போட்ட துணி, அளவு நாடா தொங்கும் கழுத்து; எல்லா முகமும் மோவாயோடு வெட்டுப்பட்டிருந்தது. எடுத்த இடமும் ஒன்றுதான்: ஒரு தூணின் ஓரம், ஆறேழு அடி தள்ளி, கொஞ்சம் குனிந்து. பார்த்த நண்பர் ஒருவர் "இதுதான் உங்க ஸ்டைல்" என்று பாராட்டினார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல. மூஞ்சிக்கு நேரா கேமராவைத் தூக்க பயமா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே அவர்மீது எனக்கு மரியாதை. குறையைப் பாணி என்று பெயர் மாற்றிக்கொள்வதைப்போல வசதியான காரியம் வேறில்லை; உலகமும் அதற்குக் கை தட்டும். அவர் மறுவாரம் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ரவிக்கை தைக்கக் கொடுத்தார். உட்கார்ந்து பேசினார். பல வாரங்களுக்குப் பிறகு எடுத்த படங்களில் முகங்கள் வந்தன. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி ஊசியில் நூல் கோக்கும் பெரியவரின் முகம் முழுதாக வந்தது. ஆனால் கவனித்தால், அந்தப் படத்திலும் கண் முதலில் போய் விழுவது கையில்தான். இரண்டு விரலுக்கு நடுவே நூல் நுனி, எச்சில் தொட்டுக் கூராக்கியது. பயம் போய்விட்டது, கை தங்கிவிட்டது. முதல் படங்களில் கையும் இருந்தது பயமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பயத்தை எடுத்த பிறகும் மிஞ்சியது எதுவோ, அது அவருடையது.

ஆரம்பக்காரர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால் இப்படித் தரையில் பரப்புவதுதான் என்பேன். திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது நல்ல படம், மோசமான படம் என்ற தீர்ப்பு மட்டுமே ஓடும். மொத்தமாக விரித்தால், நின்ற தூரம் தெரியும், நின்ற உயரம் தெரியும், வெளிச்சத்தை எந்தப் பக்கம் விட்டுக்கொண்டு நிற்கிறோம் என்பது தெரியும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை வைத்து எடுப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிவாகியிருக்கும். பலருக்கு அது 18இலும் 55இலும் குவிந்திருக்கும், நடுவில் ஒன்றுமிராது. வளையம் முட்டும் வரை திருப்பி, முட்டிய இடத்தில் எடுத்திருக்கிறார்கள். காலை நகர்த்தாமல் கையைத் திருப்பியதன் கணக்கு அது. ஜூம் இல்லாத லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு சில மாதம் சுற்றச் சொல்லி ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான். நெருங்க வேண்டுமென்றால் நடந்துதான் நெருங்க வேண்டும். நடந்தால் எதிரே இருப்பவர் நம்மைப் பார்ப்பார். பார்த்தால் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

தன்னைக் காட்ட வேண்டும் என்ற ஆசை இல்லாமலே பாணி வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பாரிஸ் நகரத்து எழேன் அட்ஜே கப்பலில் வேலை பார்த்தவர், நாடகத்தில் சின்ன வேடங்கள் போட்டவர். இரண்டிலும் கரை சேரவில்லை. 1890களின் கடைசியில், இடிபட்டு மறைந்துகொண்டிருந்த பழைய பாரிசைப் படமெடுக்கத் தொடங்கி, 1927இல் இறக்கும்வரை அதைச் செய்தார். 18×24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் மரக் கேமரா. வாசல் பலகையில் 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று எழுதி வைத்திருந்தார். ஓவியருக்குப் படிக்கட்டு மாதிரி வேண்டுமா, மேடை அலங்காரம் செய்பவருக்குக் கதவுக் கைப்பிடி வேண்டுமா, நூலகத்துக்குப் பழைய முற்றம் வேண்டுமா, எடுத்துக் கொடுப்பார். 1926இல் புகைப்படக் கலைஞர் மான் ரே அவருடைய படங்களைச் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகையில் வெளியிட முன்வந்தபோது, தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவை வெறும் ஆவணங்கள் என்பது அவர் நினைப்பு.

அந்த 'வெறும் ஆவணங்கள்' இன்று பெயர் போடாமலே அடையாளம் தெரிகின்றன. ஆளில்லாத அதிகாலைத் தெரு, கல் பாவிய தரையில் ஈரம், கடைக் கண்ணாடியில் உள்ளிருக்கும் பொம்மையும் வெளியிலிருக்கும் மரமும் ஒன்றன்மேல் ஒன்றாக. நீண்ட எக்ஸ்போஷரில் நடந்துபோன மனிதர் புகைபோல இழுபட்டுக் கிடப்பார். மான் ரேயின் உதவியாளராக இருந்த அமெரிக்கப் பெண் பெரனிஸ் அபாட் மட்டும் அந்தக் கிழவரின் அருமையை உணர்ந்து, அவர் இறந்த பின் மிஞ்சியிருந்த தகடுகளையும் பிரதிகளையும் 1928இல் வாங்கிப் பாதுகாத்தார். 1968இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. நடுவில் நாற்பது வருஷம். அட்ஜே அதற்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் எந்தத் தெரு என்பதே அவர் கவலையாக இருந்திருக்கும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது. சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த ராணுவ அதிகாரி லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்தது; ஏறத்தாழ 19 அடி நீளம். அவருக்கு இட்ட வேலை எழுத்துகள் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது. அவர் காட்டியது அந்த வேலையின் ஒழுங்கை மட்டுந்தான். இன்று பார்க்கிறவர்களுக்குச் சுவரோடு சேர்ந்து அந்த மனிதரின் நடையும் தெரிகிறது: ஒவ்வொரு படத்துக்கும் முக்காலியைத் தூக்கிச் சில அடி நகர்த்தி, மறுபடி மட்டம் பார்த்து.

எடுத்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எடுக்காமல் விட்டதைப் பற்றியும் பேச வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோனை எல்லோருக்கும் தெரியும். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். அந்த நாள்களின் படங்கள் அவர் எடுத்தவை. அவருடைய வழக்கங்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி 'மாட்டேன்'தான். ஃப்ளாஷ் போடமாட்டார், எதிரில் இருப்பவருக்கு அது அவமரியாதை என்று கருதினார். ஆள்களை நிறுத்தி வைத்து நடிக்கச் சொல்லமாட்டார். எடுத்ததை ஓரம் வெட்டமாட்டார் (ஒன்றிரண்டு விலக்கு உண்டு, தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரின் புகழ்பெற்ற 1932ஆம் ஆண்டுப் படம் வெட்டப்பட்டதுதான்). தன் லைகா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்புப் பட்டை ஒட்டி மறைத்துக்கொண்டார். இந்த மறுப்புகள் அழகுக்காக வந்தவையல்ல. மனிதர்களிடையே எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் தனக்கு வகுத்துக்கொண்ட நடத்தை விதிகள். அழகு பின்னால் வந்தது.

ஹோமாய் வியாரவாலா இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர். 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். சேலை கட்டிக்கொண்டு, கனத்த கேமராவைச் சுமந்து டெல்லியில் சுதந்திரத்தின் முதல் ஆண்டுகளை எடுத்தார். 1970இல், இன்னும் உழைக்கக்கூடிய வயதில், கேமராவைக் கீழே வைத்துவிட்டார். புதிதாக வந்த படக்காரர்கள் முண்டியடிப்பதும் நாகரிகமற்று நடப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க விரும்பவில்லை. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2011இல் பத்ம விபூஷண் வந்தபோதும் அவர் திரும்பிக் கேமராவைத் தொட்டுவிடவில்லை. அவர் செய்தது சற்று அதிகம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்படி எடுப்பது என்பதைவிட எந்தக் கூட்டத்தோடு நின்று எடுப்பது என்பதே பெரிது என்று ஒருவர் தீர்மானித்தால், அந்தத் தீர்மானம் அதற்கு முன் எடுத்த படங்களிலும் இருந்துதான் இருக்கும். தலைவர்களை அவர் எடுத்த படங்களில் யாரையும் இளக்காரமாகக் காட்டும் கணம் இல்லாதது தற்செயல் இல்லை.

காளி வேடக்காரரை மறித்து நிற்கும் அரைவட்டத்தையும் இதை வைத்துப் பார்க்கலாம். அவருடைய விரதம் அவருடையது. நேர்த்திக்கடன் எதற்கென்று நமக்குத் தெரியாது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியிருக்கலாம். அதை வழிமறித்து நம் பாணிக்கு இரையாக்கிக்கொள்ளும் உரிமை கேமரா வாங்கிய ரசீதோடு சேர்ந்து வருவதில்லை. "படமெடுக்கலாமா?" என்று கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். சில சமயம் போகும்தான். போனால் போகட்டும். கேட்டுவிட்டு, அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, வேடம் கலைத்து முகம் கழுவும் இடம் வரை போனவருக்குக் கிடைக்கும் படம் அரைவட்டத்தில் நின்றவருக்குக் கிடைக்காது. பிரதி ஒன்றை அவர் ஊருக்கு அனுப்பி வைத்தால் அடுத்த வருஷம் அந்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம்.

பிறரைப் பார்த்து எடுப்பது தவறு என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். ஆரம்பத்தில் யாரையாவது பின்பற்றித்தான் ஆக வேண்டும். பாட்டுக் கற்பவர் குரு பாடியதை அப்படியே பாடித்தானே தொடங்குகிறார். ஆசைப்பட்ட ஒருவரின் படத்தை அதேபோல எடுத்துப் பார்த்தால்தான், அவர் எவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறார், எந்த நேரத்து வெயிலுக்குக் காத்திருக்கிறார் என்பது உடம்புக்குத் தெரியும். ஒரே ஒருவரை நெடுநாள் பின்பற்றுபவர் ஒருநாள் அவரோடு சண்டை போடுவார். அன்று வழி பிரியும். நாளைக்கு ஒருவராக மாற்றிக்கொண்டே இருப்பவருக்குத்தான் எதுவும் ஒட்டாது.

தாமதமாகிவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரனைச் சொல்லலாம். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 48 வயதில், 1863 கடைசியில், மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரிக் கொட்டில் டார்க் ரூம் ஆயிற்று. அவர் படங்களில் முகங்கள் சற்றுக் கலங்கலாக இருக்கும். தகட்டில் கைரேகையும் கறையும் இருக்கும். ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை என்று அன்றைய புகைப்பட இதழ்கள் ஏளனம் செய்தன. லென்ஸைத் திருகும்போது எந்த இடத்தில் அழகாகத் தெரிந்ததோ அங்கே நிறுத்தினேன் என்பதே அவர் விளக்கம். முதலில் தெரியாமல் நேர்ந்ததாகவே இருக்கட்டும். பிறகு கூர்மையாக்கக் கற்ற பின்னும், அந்த இடத்திலேயே நிறுத்தினார் என்பதுதான் கணக்கு. கடைசிக் காலத்தில் கணவரின் காப்பித் தோட்டங்களை நாடி இலங்கைக்குப் போனவர், அங்கே தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் எடுத்தார். 1879இல் அங்கேயே இறந்தார்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் செய்தாலும் எல்லோருக்கும் தனிப்பாணி வந்துவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். வராமலும் போகலாம். வகுப்பு நடத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை, கட்டணம் குறைந்துவிடும். தாலுகா ஊர் ஒவ்வொன்றிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோக்காரர் இருப்பார். நீலத்திரை, ஒரு ஸ்டூல், சுவரில் சீப்பு, பவுடர் டப்பா. பாஸ்போர்ட் சைஸும் காதுகுத்தும் எடுத்தே முப்பது வருஷம் ஓட்டியவர். அவர் படங்களில் பாணி எதையும் தேடிக் காண முடியாது. ஒரு சாவு வீட்டிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு ஆள் வந்து கதவைத் தட்டுவார். கையில் குரூப் போட்டோ ஒன்று. அதில் மூன்றாவது வரிசையில் தலை மட்டும் தெரியும் ஒரு கிழவி. காலைக்குள் மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் அந்த நகம் அளவு முகத்தைப் பிரித்தெடுத்து, பக்கத்து ஆளின் தோளை அழித்து, கலங்கிய கண்ணைக் கவனமாகத் தெளிவாக்குவார். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று போன் போட்டுக் கேட்பார். மருமகள் இடது என்பாள், மகன் வலது என்பான். பழைய படம் வேறொன்று கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். அந்த வீட்டில் இனி வரும் வருஷங்களில் திதிக்குத் திதி கும்பிடப்போகும் முகம் அவர் தெளிவாக்கிய முகம். பாணி வேண்டும் என்று தவிக்கும் பிள்ளைகளை ஒரு மாதம் அவரிடம் உதவியாளாகச் சேர்த்துவிடலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்கப் பழகுவதற்கு வேறு நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.